வட்டி ஏறினால் வாய்மூடி இருக்கலாமா?

(சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



வங்கியில் வாங்கிய தனிநபர் கடனுக்கு வட்டி உயர்த்தப்படும்போது, கடன் வாங்கியவர் செய்யக்கூடியது என்ன என்பதைப் பற்றி உங்களோடு உரையாட விரும்புகின்றோம். மகளின் திருமணம், மகனின் மேற்கல்வி, மருத்துவச் செலவு, தோட்டத்தை விட்டு வெளியேறியபின் வாங்கும் சிறு வீடு எனப் பல தேவைகளுக்காக நம்மவர் வங்கியை நாடுகின்றனர். கடன் கொடுத்தபின் வங்கியிடமிருந்து ஒரு கடிதம் வருகின்றது. அதில் தவணைத் தொகை கூடியிருக்கின்றது. பலர் அக்கடிதத்தை அரசாணையைப் போல் ஏற்றுக்கொண்டு, வீட்டுச் செலவைக் குறைத்து, கேட்ட பணத்தைக் கட்டிவிடுகின்றனர். அது சரியான உயர்வுதானா என்று கேட்பவர் மிகச் சிலரே.

வங்கியின் கடிதம் சட்டம் அன்று. அது ஒப்பந்தத்தில் ஒரு தரப்பார் எழுதும் கடிதம். மற்றொரு தரப்பார் நீங்கள். ஒப்பந்தம் எதை அனுமதிக்கின்றதோ அதைத்தான் வங்கி செய்யலாம். ஆகவே கடிதம் வந்ததும் எழ வேண்டிய முதற் கேள்வி, "எவ்வளவு கட்டவேண்டும்?" என்பதன்று, "ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி இந்த உயர்வு?" என்பதே.

இதனை அறிய, வட்டியின் வகைகளைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, நிலையான வட்டி. ஒப்பந்தத்தில் குறித்த வீதம் கடைசித் தவணை வரையில் மாறாது. இத்தகைய கடனில் வங்கி தன் விருப்பப்படி வட்டியை உயர்த்த இடமில்லை. தவணை தவறினால் மட்டும் வேறு வீதம் அல்லது தண்டத்தொகை உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மாறும் வட்டி. இது பேங்க் நெகாரா நிர்ணயிக்கும் கொள்கை வட்டி வீதத்தைத் தொடர்ந்து ஏறும், இறங்கும். 2022-ஆம் ஆண்டு மே மாதத்திற்கு முன்பு 1.75 விழுக்காடாக இருந்த அந்த வீதம், படிப்படியாக உயர்ந்து 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் 3 விழுக்காடாயிற்று. அக்காலத்தில் மாறும் வட்டிக் கடன்களின் தவணை கூடியதில் வியப்பில்லை. ஆனால் 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவ்வீதம் 2.75 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஏறும்போது ஏற்றிய வங்கி, இறங்கும்போது இறக்கியதா என்று பார்ப்பது கடன் வாங்கியவரின் கடமை.

மூன்றாவது, இஸ்லாமிய முறைக் கடன். இதில் வட்டி என்பதில்லை, இலாபம் என்பர். மொத்த விற்பனை விலை தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதப்படுகின்றது. இலாப வீதம் மாறக்கூடியதாயினும் அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தாண்டிக் கேட்க முடியாது.

இனி ஒரு சிறு கணக்கு. கரும்பலகை இல்லாவிட்டாலும் மனத்தில் போட்டுப் பார்க்கலாம். 10,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 6 விழுக்காடு, 5 ஆண்டுகள். முழுத் தொகைக்கும் வட்டி போடும் முறையில் ஆண்டுக்கு 600 வெள்ளி, ஐந்தாண்டுக்கு 3,000 வெள்ளி. திருப்பிக் கட்ட வேண்டியது 13,000 வெள்ளி. மாதந்தோறும் ஏறத்தாழ 217 வெள்ளி. ஆனால் மாதா மாதம் முதலையும் சேர்த்தே கட்டி வருவதால், மூன்றாம் ஆண்டின் முடிவில் முழு 10,000 வெள்ளியும் நம் கையில் இல்லை. வட்டியோ முழுத் தொகைக்கும் கணக்கிடப்பட்டுவிட்டது. குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி கணக்கிட்டுப் பார்த்தால், உண்மையான வட்டி 6 விழுக்காடன்று. 11 விழுக்காட்டை நெருங்குகின்றது. எனவே விளம்பரத்தில் காணும் எண்ணை மட்டும் நம்பாமல், "குறைந்துவரும் பாக்கிக்கு வட்டி வீதம் என்ன?" என்று கேட்டறிதல் வேண்டும்.

மற்றொரு கணக்கு. 10,000 வெள்ளி பாக்கி. இன்னும் 60 மாதம். குறையும் பாக்கிக்கு 8 விழுக்காடு வட்டி என்றால், மாதத் தவணை சற்றேறக்குறைய 203 வெள்ளி. வட்டி 10 விழுக்காடானால் தவணை 212 வெள்ளிக்கு மேல் ஆகும். மாதம் 10 வெள்ளிதானே என்று தோன்றும். கடைசிவரையில் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 580 வெள்ளி. சில வேளைகளில் தவணைத் தொகை மாறாமலே இருக்கும். ஆனால் 60 மாதத்தில் முடிய வேண்டிய கடன் 64 மாதத்திற்கு நீளும். தவணை கூடவில்லை என்பதால் வட்டி ஏறவில்லை என்று எண்ணிவிடலாகாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாக்கி எவ்வளவு, முடிவு மாதம் எது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கேட்பதால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு, நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றை நினைவூட்டுகின்றோம்.

2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில், ஏப்ரல் மாதம் முதற்கொண்டு ஆறு மாதங்களுக்குக் கடன் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன. வேலையும் வருவாயும் தடைப்பட்டிருந்த குடும்பங்கள் சற்றே மூச்சுவிட்டன. ஆனால் அந்த ஏப்ரல் மாத இறுதியில், வாடகைக் கொள்முதல் முறையில் வாகனம் வாங்கியோரும், நிலையான வீதத்தில் இஸ்லாமிய முறைக் கடன் பெற்றோரும், ஒத்திவைத்த காலத்திற்குக் கூடுதல் தொகை கட்ட நேரிடலாம் என்றும், அதற்கான ஒப்புதலை வங்கிக்குத் தர வேண்டும் என்றும் தெரிய வந்தது. பொதுமக்கள் பேசாதிருக்கவில்லை. நிலையான வீதத்தில் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் எவ்வாறு கூடுதல் தொகை வரும் என்று நாடெங்கும் கேட்டனர். அவ்வாண்டு மே மாதம் 6-ஆம் நாள், இவ்விரு வகைக் கடன்களுக்கும் அந்த ஆறு மாதங்களுக்குக் கூடுதல் வட்டியோ இலாபமோ விதிக்கப்படமாட்டாது என்று நிதியமைச்சர் அறிவித்தார். அதே வேளையில் வழக்கமான வட்டிக் கடன்களுக்கு வட்டி தொடர்ந்து ஏறியது என்பதையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். ஒப்பந்தத்தின் துணை எங்கே இருந்ததோ, அங்கே கேள்விக்கு வலிமை இருந்தது.

இந்தியாவிலும் அதே காலத்தில் இதே கேள்வி எழுந்தது. வீட்டுக் கடன் வாங்கிய சாதாரணக் குடிமகன் ஒருவர் தொடுத்த வழக்கும் பிற வழக்குகளும் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றன. 2021-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒத்திவைத்த ஆறு மாதங்களுக்கு வட்டிக்கு வட்டியோ தண்ட வட்டியோ வாங்கலாகாது. வாங்கியிருந்தால் திருப்பித் தரவோ வரவு வைக்கவோ வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் வட்டி முழுவதையும் தள்ளுபடி செய்யும்படி கேட்டதை ஏற்க மறுத்தது. நியாயமானதைக் கேட்டோர் பெற்றனர். அதற்கு மேல் கேட்டது கிட்டவில்லை.

வங்கியின் அதிகாரத்திற்கு எல்லை உண்டா? 2001-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாராகான் ஃபைனான்ஸ் என்னும் நிறுவனத்தின் வழக்கில், வட்டியை மாற்றும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தாலும், அதனை நேர்மையின்றியோ, தகாத நோக்கத்தோடோ, மனம்போன போக்கிலோ பயன்படுத்தலாகாது என்று கூறிற்று. எனினும் அந்நிறுவனம் உண்மையான பண நெருக்கடியினாலேயே வட்டியை உயர்த்தியதாகக் கண்டமையால், கடன் வாங்கியோர் வெற்றி பெறவில்லை. நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம், சிஐஎம்பி வங்கியோடு வழக்காடிய ஒரு தம்பதியருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அது வட்டி பற்றிய வழக்கன்று. வங்கி தவறு செய்தாலும் இழப்பீடு கேட்கலாகாது எனத் தடுக்கும் விதி, 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது என்பதே அதன் சாரம். அச்சிட்ட தாளில் கையெழுத்திட்டதால் எல்லா உரிமையும் போய்விடுவதில்லை என்பதை இதனால் உணரலாம்.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகின்றோம்.

ஒன்று: ஒப்பந்தத்தின் படி, தவணைச் சீட்டுகள், வங்கியின் கடிதங்கள் யாவற்றையும் ஓர் உறையில் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தம் கைவசம் இல்லையேல் வங்கியிடம் படி கேளுங்கள். வாசிக்க இயலாதவர் தம் பிள்ளைகளையோ, தொழிற்சங்கப் பொறுப்பாளரையோ வாசித்துச் சொல்லச் செய்யலாம்.

இரண்டு: வங்கிக்குக் கடிதம் எழுதுங்கள். நான்கு கேள்விகள் போதும். எந்த விதிப்படி உயர்த்தினீர்கள்? பழைய வீதம் என்ன, புதிய வீதம் என்ன? எந்த நாள் முதல்? இன்றைய பாக்கியும் கடைசி மாதமும் எவை? வாய்ச்சொல்லோடு நிற்காமல் எழுத்தில் பதில் வேண்டுங்கள். கடிதத்தின் படி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

மூன்று: பதில் நிறைவளிக்காவிடில், அல்லது 60 நாளாகியும் பதில் வராவிடில், நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவையை நாடலாம். எஃப்.எம்.ஓ.எஸ். என்று வழங்கும் இவ்வமைப்பு 2025-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் முதல் இயங்கி வருகின்றது. முறையிடுவோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது ஏற்கும். வங்கி இறுதிப் பதில் தந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் முறையிட வேண்டும். ஆனால் "உங்கள் வட்டி பொதுவாகவே அதிகம்" என்னும் முறையீட்டை அது விசாரிக்காது. "எனக்குக் கூறிய வீதம் வேறு, வாங்கிய வீதம் வேறு" என்பதே அங்கே எடுபடும். வங்கியின் நடத்தையைப் பற்றிய புகாரைப் பேங்க் நெகாராவிடமும் தெரிவிக்கலாம்.

நான்கு: வழக்கு நடக்கின்றதே என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்களே தவணை தவறியவராவீர்கள். கட்ட முடியாத நிலை வந்தால் ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்திற்குச் செல்லுங்கள். 2006-ஆம் ஆண்டு பேங்க் நெகாரா நிறுவிய அது, வங்கியோடு பேசித் தவணையைச் சீரமைக்க இலவசமாக உதவுகின்றது.

ஐந்து: வங்கியின் மேல் கொண்ட கோபத்தில் ஆலோங்கிடம் போகாதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரரும் அடகின்றிக் கொடுக்கும் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் இடந்தரவில்லை. ஒரு மாதத்திலேயே அவ்வளவு கேட்பவன் சட்டத்திற்குப் புறம்பானவன்.

பெருமக்களே! தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் திகைத்து நின்ற காலத்தில், இந்தச் சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணமே தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. சிறு தொகைகளுக்கு இருக்கும் ஆற்றலை நம் முன்னோர் அறிந்திருந்தனர். மாதம் 10 வெள்ளி என்று நாம் அலட்சியமாக விட்டுவிடுவதும் அத்தகைய சிறு தொகைதான்.

நியாயமாகக் கட்ட வேண்டியதை நாள் தவறாமல் கட்டுவோம். நியாயமற்றதை, பணிவோடும் உறுதியோடும், எழுத்தில் கேட்போம். இன்றே வீடு சென்று கடன் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து, அதில் எழுதியுள்ள வட்டி வகை எது என்பதை மட்டுமேனும் பார்த்துவையுங்கள்.