தீவுகளை இணைக்கும் நேர்மின்னோட்டம்: அளவுகோல் எது?

உயர் மின்னழுத்த நேர்மின்னோட்ட இணைப்பை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்ற வினா மின்பொறியியல் துறைக்குப் புதிதன்று. எத்தனை மெகாவாட்டை, எவ்வளவு தொலைவுக்கு, எவ்வளவு குறைந்த இழப்பில் கொண்டுசெல்கிறது என்பதே போதிய அளவுகோல் என்று துறையின் மூத்தோர் பலர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். பெருநிலப்பரப்பின் நெடுந்தடங்களுக்கு அது பொருந்தலாம், தீவுகளுக்குப் பொருந்தாது. முற்றிலும் இருளில் மூழ்கிய தீவை அந்த இணைப்பு மீண்டும் எழுப்புமா என்ற கேள்வியே அங்கு முதலில் எழ வேண்டும் என்பது இவ்வுரையின் வாதம்.

இதற்கான அடிப்படைகள் பால்டிக் கடலில் உள்ள ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவிலேயே கிடைக்கின்றன. 1954-இல் பெருநிலத்தின் வெஸ்டர்விக் நகரிலிருந்து தீவின் இக்னே வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைக் கடலடிக் கேபிள் வழியே, 100 கிலோவோல்ட் அழுத்தத்தில் 20 மெகாவாட் மின்சாரம் பாய்ந்தது. மின்னோட்டம் திரும்பும் வழியாகக் கடல்நீரே பயன்பட்டது. இத்தனை நீளமான கடலடிக் கேபிள் மாறுமின்னோட்டத்தில் எளிதில் கைகூடாது. கேபிளின் கடத்தியும் வெளியுறையும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகி, அழுத்தம் திசைமாறும் ஒவ்வொரு முறையும் மின்னேற்றம் பெற்று இழப்பதால், நீளம் கூடக்கூடக் கேபிளின் கொள்ளளவை அந்த ஓட்டமே விழுங்கிவிடும். நேர்மின்னோட்டத்தில் மின்னேற்றம் தொடக்கத்தில் ஒருமுறை நிகழ்வதோடு சரி. பாடநூல்கள் இவ்விடத்தில் நின்று, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாகவும், மறுமுனையில் மீண்டும் மாறுமின்னோட்டமாகவும் மாற்ற உனோ லாமும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய பாதரச வில் வால்வுகளைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பாராட்டு முற்றிலும் தகும். ஆனால் இக்னே நிலையத்தில் நின்ற இன்னொரு பொறியை அவை கடந்துபோவது தகாது.

அது சிங்க்ரனஸ் கண்டென்சர்: எந்தச் சுமையையும் இழுக்காமல் வெறுமனே சுழன்று, மின்வலைக்கு அழுத்தத்தின் நிலைப்பையும் சுழற்சியின் உறுதியையும் தரும் பொறி. பாதரச வால்வை எப்போது திறக்க வேண்டும் என்று ஆணையிடலாம். மூட ஆணையிட முடியாது. ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு ஓட்டம் கைமாறுவதற்கு, பெறும் பக்கத்து மாறுமின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமே துணை. தீவின் நீராவி மின்நிலையம் ஓய்ந்திருக்கும்போது அந்த அழுத்தத்தை யார் தருவது? சுழன்றுகொண்டிருந்த அந்தப் பொறிதான் தந்தது. தீவுக்குள் உயிருள்ள மின்வலை இருந்தால்தான் மின்சாரம் உள்ளே வரும் என்ற நிபந்தனை, முதல் இணைப்பிலேயே இரும்பாலும் செம்பாலும் எழுதப்பட்டிருந்தது. 1970-இல் அதே தடத்தில் தைரிஸ்டர் வால்வுகள் சேர்க்கப்பட்டு, அழுத்தம் 150 கிலோவோல்ட்டாகவும் திறன் 30 மெகாவாட்டாகவும் உயர்ந்ததைத் துறையினர் புரட்சி என்கின்றனர். பராமரிப்பில் அது புரட்சிதான். ஆனால் தைரிஸ்டரும் ஆணையிட்டுத் திறக்கக்கூடியதே தவிர, ஆணையிட்டு மூடக்கூடியதன்று. ஆகவே பழைய நிபந்தனை அப்படியே நீடித்தது. 1999-இல் தீவின் தென்பகுதிக் காற்றாலைகளின் மின்சாரத்தை விஸ்பி நகருக்குக் கொண்டுவர, நேஸிலிருந்து 70 கிலோமீட்டருக்கு 50 மெகாவாட் இணைப்பு அமைக்கப்பட்டபோதுதான், விரும்பிய கணத்தில் திறக்கவும் மூடவும் வல்ல டிரான்சிஸ்டர்கள் இத்தகைய இணைப்புகளில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தன. கடலைக் கடக்காத இந்தச் சிறு தடத்தையே தீவு இணைப்புகளின் உண்மையான திருப்புமுனை எனக் கொள்ள வேண்டும். ஏனெனில் இவ்வகை மாற்றி, தானே மாறுமின்னழுத்தத்தை உருவாக்கி, இறந்துகிடக்கும் வலைக்கு உயிரூட்ட வல்லது.

இதைக் கோட்பாட்டு நுணுக்கம் என்று ஒதுக்குவோருக்கு ஜப்பானின் ஹொக்கைடோ தீவு விடை சொல்கிறது. 2018 செப்டம்பர் 6 அதிகாலை 3.07 மணிக்கு நிலம் அதிர்ந்தது, 3.25-க்கு, ஏறத்தாழ 29.5 இலட்சம் மின் இணைப்புகளுடன் தீவு முழுவதும் இருண்டது. அண்டைத் தீவான ஹொன்ஷூவிலிருந்து வரும் 600 மெகாவாட் தைரிஸ்டர் இணைப்பு, வலை உயிரோடிருந்த அந்த 18 நிமிடங்களில் தன்னால் இயன்றதைச் செய்தது. வலை விழுந்ததும் அதுவும் நின்றது. கடலுக்கு அப்பால் மின்சாரம் இருந்தும், தீவின் நீர்மின் நிலையங்கள் வலையை ஓரளவு எழுப்பும்வரை அது உள்ளே வர வழியில்லை. அப்போது கட்டுமானத்தில் இருந்த டிரான்சிஸ்டர் வகை 300 மெகாவாட் இணைப்பு, அவ்விரு தீவுகளையும் கடலடியில் இணைக்கும் செய்கான் சுரங்கத்தின் வழியே 2019 மார்ச்சில் செயல்படத் தொடங்கியது. தொடக்ககால டிரான்சிஸ்டர் மாற்றிகளில் இழப்பு மிகுதி என்ற எதிர்வாதம் உண்மையே. ஆயினும் ஆண்டு முழுவதும் சேமிக்கும் சில விழுக்காட்டை, மருத்துவமனைகள் இருளில் கிடக்கும் ஓர் இரவோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

நியூசிலாந்தின் தென், வட தீவுகளை இணைக்கும் பென்மோர்–ஹேவார்ட்ஸ் தடம் 1965 முதல் பழைய முறையிலேயே சிறப்பாக இயங்குவதை எதிர்ச்சான்றாகக் காட்டுவர். இரு தீவுகளும் சொந்த மின்நிலையங்கள் கொண்ட வலுவான வலைகள் என்பதையும், ஹேவார்ட்ஸில் சிங்க்ரனஸ் கண்டென்சர்கள் சுழல்வதையும் நினைவூட்டினால் போதும்.

சார்டினியாவையும் இத்தாலியப் பெருநிலத்தையும் இணைக்கும் தடத்தில் இடையே கோர்சிகா கிளை பிரித்துக்கொள்வது போன்ற பலமுனை இணைப்புகள், கடல்வழித் திரும்போட்டத்தால் உலோகக் குழாய்களுக்கு நேரும் அரிப்பு, கேபிள் பழுதானால் மாற்றுவழி ஆகியவை தனித்தனி ஆய்வுக்குரியவை. பாக் நீரிணை வழியே இந்தியாவையும் இலங்கையையும் இணைப்பது பற்றி நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. அதற்கான மாற்றியின் வகையை முடிவுசெய்யுமுன், இலங்கையின் முழு மின்தடைகளின்போது வலை மீண்டெழுந்த வரிசையை மணிவாரியாகத் தொகுக்கும் பணியை இளம் ஆய்வாளர் ஒருவர் மேற்கொள்வது நலம்.