புளியந்தோப்பு: ரயிலடியில் எழுந்த ஒரு வரலாறு



செங்கத்துக்கு இன்றும் ரயில் கிடையாது. வண்டி பிடிக்க நாம் திருப்பத்தூருக்கோ திருவண்ணாமலைக்கோ போகிறோம். ஆனாலும் ரயிலடி ஆலைப் பேட்டையான பெரம்பூர், புளியந்தோப்பைப் பற்றி இந்த நினைவுச் சொற்பொழிவில் பேசக் காரணம் உண்டு. வடாற்காடு, செங்கல்பட்டுச் சேரிகளில் பண்ணையாளாகக் கிடக்க மறுத்துக் கிளம்பியவர்கள் போய் இறங்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்தது. 1876இல் பக்கிங்காம் ஆலை, சில ஆண்டுகளில் கர்நாடிக் ஆலை. நம் பெரியவர்கள் 'பின்னி மில்' என்றது இவற்றைத்தான். ஊரில் கூலி நெல்லாக வரும், அதுவும் ஆண்டை மனம் வைத்தால். ஆலையில் சங்கு ஊதினால் வேலை, வேலை செய்தால் கையில் காசு. அந்தக் காசின் அருமையைத் தொழிற்சங்க வரலாறு எழுதிய பலர் கணக்கில் வைக்கவில்லை.

1921க்கு வருவோம். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் தொடங்கியது, வாடியாவும் திரு.வி.க.வும் வளர்த்த சங்கம். அதன் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் ஜூனில் வேலைநிறுத்தம் பரவியபோது ஆதிதிராவிடர் பலர், எம்.சி.ராஜாவின் சொல் கேட்டு, வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அக்டோபரில் நிறுத்தம் தோற்று முடிந்தது.

பழி மட்டும் நம் மக்கள்மேல் நின்றது: 'கருங்காலிகள்'. காணி நிலம் இல்லாதவன் மாதக்கணக்கில் வேலையில்லாமல் எங்கே போவான்? ஊர் திரும்பினால் அதே ஆண்டையின் களம். நிர்வாகம் இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. அதை மறைப்பது நமக்கு உதவாது. ஆனால் அந்தப் பிளவு ஊரிலிருந்தே ரயிலேறி வந்தது. குடிசை எரிந்தவர்களையே நகரைவிட்டு அகற்ற வேண்டும் என்று நீதிக்கட்சித் தலைமையிலிருந்து குரல் எழுந்தது. (சமூகநீதி பேசும் மேடைகளில் இது சுலபமாக மறந்துபோகிறது.) ராஜா 1923இல் அக்கட்சியிலிருந்து விலகினார்.

1990களில் ஆலைகள் மூடின. அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். புளியந்தோப்பைச் சினிமா ரவுடிகளின் பேட்டையாகக் காட்டுகிறது.

மாணவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் மில் பாஸ், கூலிச் சீட்டு, பழைய போட்டோ எது கிடந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். மில்லுக்குப் போய்வந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்தப் பொங்கல் விடுமுறையிலேயே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.