மொன்றியல் துறைமுகமும் சேமப்படையும்: ஒரு விண்ணப்பத்தின் முன்னே எழும் கேள்விகள்

(புலம்பெயர் பெற்றோரும் இளையோரும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மொன்றியல் பழைய துறைமுகத்தின் கிழக்கு முனையில் 45 மீற்றர் உயரமுள்ள மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று நிற்கிறது. கோடை விடுமுறையில் அதன் அடியில் நின்று படம் பிடித்துக்கொள்ளாத தமிழ்க் குடும்பங்கள் இந்நகரில் குறைவு. முதலாம் உலகப் போரில் கடலில் உயிர்நீத்த வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவாக எழுப்பப்பட்டது அக்கோபுரம். 1919 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1922 இல் கட்டி முடிக்கப்பட்டது. அது நினைவுகூர்பவர்கள் தொழில்முறைப் போர்வீரர்கள் அல்லர். சரக்கு ஏற்றிச் சென்ற குடிமக்கள். போரும் குடிமக்களும் எங்கே சந்திக்கிறார்கள் என்ற கேள்வி இத்துறைமுகத்துக்குப் புதிதன்று.

அக்கேள்வி அண்மைக் காலத்தில் தமிழ் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் பொறியியலோ கணினியியலோ பயிலும் மகன் அல்லது மகள், "வார இறுதியில் சேமப்படையில் சேரலாமா? பின்னர் சிறப்புப் படைக்கும் விண்ணப்பிக்கலாமாமே" என்று உணவு மேசையில் கேட்கும்போது பெற்றோர் உறைந்துபோகிறார்கள். அந்த உறைவுக்குக் காரணம் உண்டு. சிறப்புப் படை என்பதற்கு அவர்கள் அறிந்த சொல் 'அதிரடிப்படை'. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ 1980களின் நடுப்பகுதியிலிருந்து வாழ்ந்தவர்களுக்கு அச்சொல் என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சுற்றிவளைப்பில் தலையாட்டியின் முன் வரிசையில் நிறுத்தப்பட்ட ஒரு தந்தையிடம், சீருடை என்பது ஒரு வேலைவாய்ப்பு என்று சொன்னால் அவர் எப்படி ஏற்றுக்கொள்வார்? இளையோர் இதை முதலில் உணர வேண்டும். தந்தையின் மறுப்பைப் பழமைவாதம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

இனி, விண்ணப்பத்துக்கு வருவோம். குடிமக்கள் நேரடியாகச் சிறப்புப் படையின் சேமப் பிரிவில் சேரும் வழக்கம் பிரித்தானியாவிலிருந்து பரவலாக அறியப்பட்டது. அங்குள்ள 21 ஆம் எஸ்.ஏ.எஸ். படையணி 1947 இல் உருவானது. அதன் வேர் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைபிள்ஸ்' என்னும் தொண்டர் படை. 1860 அளவில் ஓவியர்களும் இசைக் கலைஞர்களும் நடிகர்களும் சேர்ந்து அமைத்த படை அது. புகழ்பெற்ற ஓவியர் லெய்ற்றன் அதற்குத் தளபதியாகவே இருந்தார். தூரிகை பிடித்தவர்களின் படை சிறப்புப் படையாக மாறியது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. அமெரிக்காவிலும் தேசியக் காவற்படையின் 19 ஆம், 20 ஆம் சிறப்புப் படைக் குழுக்கள் பகுதிநேர வீரர்களைக் கொண்டவை. இந்தியாவில் பிராந்தியப் படையை 1949 இல் தொடக்கிவைத்தவர் இராஜாஜி. கிரிக்கெற் வீரர் தோனிக்கு 2011 இல் அப்படையின் வான்குடைப் பிரிவில் கௌரவ லெப்டினன்ட் கேணல் பதவி வழங்கப்பட்டதும், 2015 இல் அவர் வானூர்தியிலிருந்து குதித்துப் பயிற்சி முடித்ததும் இளையோர் அறிந்தவையே. கௌரவப் பதவி வேறு, விண்ணப்பித்துத் தேறுவது வேறு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

கனடாவில் நிலைமை வேறு. இங்கே சேமப்படைக்கென்று தனியான சிறப்புப் படையணி கிடையாது. இரண்டாம் கூட்டுச் செயலணி 1993 இல் அமைக்கப்பட்டது. சிறப்பு நடவடிக்கைப் படைகளுக்கான தனிக் கட்டளையகமும், பெற்றவாவாவில் தளம் கொண்ட சிறப்பு நடவடிக்கைப் படையணியும் 2006 இல் தோன்றின. இவற்றுக்கான வழமையான பாதை, ஏற்கெனவே படையில் பணியாற்றுபவர்கள் விண்ணப்பித்துத் தேர்வுக்குச் செல்வதாகும். முழுநேரப் படையினரைப் போலவே சேமப்படையினரும் இவ்வகையில் விண்ணப்பிக்கலாம். ஆகவே மொன்றியல் இளைஞர் ஒருவருக்கு முதற்படி இந்நகரின் சேமப் பிரிவுகளில் ஒன்றே.

துறைமுக நகருக்கு உரிய பிரிவு 'டொனக்கோனா' என்னும் கடற்படைச் சேமப் பிரிவு. 1923 இல் தொடங்கப்பட்டு 1943 இல் இப்பெயரைப் பெற்றது. கப்பலின் பெயர் போலத் தோன்றினாலும் அது கரையில் நிற்கும் கட்டடமே. கடற்படை மரபில் அதையும் கப்பல் என்றே அழைப்பர். பெயருக்குரியவர் 16 ஆம் நூற்றாண்டில் ஜாக் கார்ட்டியே பிரான்சுக்குக் கொண்டுசென்ற பூர்வகுடித் தலைவர். அவர் தம் மண்ணுக்குத் திரும்பவே இல்லை. புலம்பெயர்ந்தோர் அப்பெயரைச் சற்று நின்று நினைத்துப் பார்க்கலாம்.

இப்பிரிவில் சேர்வோர் வாரத்தில் ஒரு மாலையும் சில வார இறுதிகளும் பயிற்சிக்குச் செல்வர். நீண்ட பயிற்சிகள் பெரும்பாலும் கோடையில் நிகழும். வெளிநாட்டுப் பணி பொதுவாகத் தாமாக முன்வருவோருக்கே. உடற்தகுதித் தேர்வில் 20 கிலோ மணல் மூட்டையை 3 நிமிடம் 30 விநாடிக்குள் 30 தடவை தூக்க வேண்டும். வேறு மூன்று பகுதிகளும் உண்டு. சிறப்புப் படைத் தேர்வு இதைவிடப் பன்மடங்கு கடினமானது. கடற்படையில் சந்தேகத்துக்குரிய கப்பல்களில் ஏறிச் சோதனையிடும் உத்திசார் செயற்பாட்டுக் குழு ஒன்றும் 2010களில் உருவாக்கப்பட்டது. அது சிறப்புப் படை என்ற வகையில் சேராதாயினும், கடலோர நகரின் சேமப்படையினர் கனவு காண்பது பெரும்பாலும் அதைத்தான்.

கப்பலில் ஏறிச் சோதனையிடுதல் என்றதும் தமிழர் நினைவில் வருவது 2010 ஆகஸ்ட். 'சன் சீ' கப்பலில் 492 ஏதிலிகள் மேற்குக் கரையை அடைந்தபோது, கனடியக் கடற்படையும் காவல்துறையும் அதில் ஏறி எஸ்குவைமோல்ட் தளத்துக்குக் கொண்டுசென்றன. பல வாரங்கள் கடலில் வாடிய தாயும் குழந்தையும் முதன்முதலில் கண்ட கனடிய முகம் ஒரு சீருடையின் முகம். அத்தகைய தருணத்தில் ஏறும் குழுவில் அவர்களின் மொழி அறிந்த ஒருவர் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த அவை எளிதில் உணரும். சேமப்படையில் தமிழ் இளையோர் இருப்பதற்கு ஒரு நியாயம் உண்டென்றால் அது இதுவாகவே இருக்கும். வீடியோ விளையாட்டில் பார்த்த கறுப்பு முகமூடி அந்த நியாயம் ஆகாது.

வந்தேறியவர்கள் இத்தகைய பணிக்கு முன்வந்த கதை இந்நகருக்கும் உண்டு. குஸ்தாவ் பியேலர் என்பவர் பிரான்சில் சுவிஸ் பெற்றோருக்குப் பிறந்து, 1924 இல், இருபது வயதில் மொன்றியலுக்கு வந்தவர். முதலில் ஆசிரியர்; பின்னர் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவின் பொறுப்பாளர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தனர். போர் தொடங்கியதும் மெசோன்னெவ் படையணியில் சேர்ந்தார். இங்கிலாந்தில் பிரித்தானிய சிறப்பு நடவடிக்கை நிறைவேற்றகம் அவரைத் தேர்ந்தெடுத்தது. 1942 நவம்பரில் வான்குடை மூலம் பிரான்சில் இறங்கியபோது பாறையில் விழுந்து முதுகெலும்பு காயமுற்றது. திருப்பி அழைத்தும் அவர் திரும்பவில்லை. சென் கந்தன் நகரைச் சூழ்ந்த பகுதியில் தொடருந்துப் பாதைகளைத் தகர்க்கும் வலையமைப்பை நடத்தினார். 1944 ஜனவரியில் பிடிபட்டு, சித்திரவதைக்குள்ளாகி, அவ்வாண்டு செப்டெம்பரில் புளொசன்பூர்க் வதைமுகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அலுவலக மேசையில் பிரெஞ்சும் ஆங்கிலமும் மொழிபெயர்த்தவர் அவர். போரில் அவரைப் பயனுள்ளவராக்கியதும் அந்த மொழிதான். மொன்றியலில் காத்திருந்த பிள்ளைகளிடம் தந்தை திரும்பி வரவில்லை.

மேற்குக் கரையில் இன்னொரு கதை. சீனக் கனடியருக்கு அன்று கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தது; 1923 ஆம் ஆண்டுச் சட்டம் சீனர் வருகையையே ஏறத்தாழ நிறுத்தியிருந்தது. ஆயினும் ஏறத்தாழ 150 சீனக் கனடிய இளைஞர்கள் தென்கிழக்காசியாவில் இயங்கிய 136 ஆம் படைக்கென முன்வந்தனர். தம்மைக் குடிமக்களாகக் கருதாத நாட்டுக்காக ஏன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும் என்று அவர்களின் வீடுகளிலும் விவாதம் நடந்தது. அச்சட்டம் 1947 இல் நீக்கப்பட்டது. வாக்குரிமையும் அவ்வாண்டு கிடைத்தது. அப்படையில் இருந்த டக்ளஸ் ஜங், 1957 இல் முதலாவது சீனக் கனடிய நாடாளுமன்ற உறுப்பினரானார். தமிழருக்கு இன்று வாக்குரிமையும் உண்டு, நாடாளுமன்ற உறுப்பினர்களும் உண்டு. சேமப்படையில் சேர்ந்துதான் விசுவாசத்தைக் காட்ட வேண்டும் என்று எவரும் அஞ்சத் தேவையில்லை. அந்த எண்ணத்தில் விண்ணப்பிப்பவர் மறுபடி யோசிப்பது நன்று.

ஆபத்தை மறைப்பதும் தவறு. ஆப்கானித்தானில் உயிரிழந்த 158 கனடியப் படையினரில் சேமப்படையினரும் இருந்தனர். 2015 மார்ச்சில் ஈராக்கில் சிறப்பு நடவடிக்கைப் படையணியைச் சேர்ந்த சார்ஜன்ட் அன்ட்ரூ டொய்ரன் நேச அணியான குர்திஷ் படையினரின் துப்பாக்கிச் சூட்டிலேயே இறந்தார். சிறப்புப் படையினர் எங்கே செல்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பது வீட்டாருக்கும் பெரும்பாலும் தெரியாது. காணாமற்போனோரின் படங்களை இன்றும் சுவரில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு "எங்கே என்று சொல்ல முடியாது" என்ற பதில் எவ்வளவு கனமானது என்பதை விண்ணப்பிப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நடைமுறை குறித்துச் சில செய்திகள். 2022 நவம்பரிலிருந்து நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களும் கனடியப் படைகளுக்கு விண்ணப்பிக்க இயல்கிறது. வெளிநாட்டில் வாழ்ந்த காலம் உள்ளவர்களுக்குப் பின்னணி ஆய்வு நீளக்கூடும். உறவினர், முகவரி, பயண விபரங்களை மறைக்காமல் எழுதுவதே விவேகம். சிறிய உண்மை ஒன்றை ஒளிப்பது பெரிய ஐயத்துக்கு இடம்தரும். கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் வாய்ப்பு உண்டு. ஆனால் கட்டணத்துக்காக மட்டும் கையெழுத்திடுவது பொருந்தாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் சேமப்படைக்கு விண்ணப்பிக்கப் பெற்றோரின் சம்மதம் கட்டாயம். அதற்காகத் தாள் மேசைக்கு வரும் நாளில், தாயும் தந்தையும் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு, பிள்ளையுடன் ஆட்சேர்ப்பு நிலையத்துக்குத் தாமும் செல்லலாம். பிரெஞ்சு தடுமாறினால் பிள்ளை மொழிபெயர்த்துச் சொல்லட்டும்.