பரீட்சை அச்சமும் முதற் பதினைந்து நிமிஷமும்



கேரளத்துச் சித்தூர்த் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும், தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைத் தாலுகாக்களின் தோட்டங்களிலிருந்தும் வந்து கூடியிருக்கும் தமிழ்வழிப் பள்ளி உபாத்தியாயர்களாகிய உங்கள் முன் பரீட்சை அச்சத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பரீட்சைக்கு அஞ்சுகிறவன் சரியாகப் படிக்காதவன் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆயினும் வகுப்பில் தடையின்றி விடை சொல்லிய பெண்ணே வினாத்தாளைக் கண்டதும் திகைத்துப்போவதை நாம் ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம். 1967இல் லீபர்ட், மோரிஸ் என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள் இவ்வச்சத்தை, நெஞ்சு படபடத்தல் முதலிய தேகக் குறிகள் என்றும், தோற்றுவிட்டால் என்ன ஆகுமோ என்ற கவலை என்றும் இரு கூறாகப் பிரித்துக் காட்டினர். விடையைக் கெடுப்பதில் முன்னதைவிடப் பின்னதற்கே பங்கு அதிகம். ஏனெனில் கணக்கின் படிகளை ஒருங்கே ஏந்தி நிற்க வேண்டிய மனத்தின் சிறிய இடத்தை அக்கவலை அபகரித்துக்கொள்கிறது.

அக்கவலை நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வருகிறது? மூணாற்று லயத்தில், அதாவது தோட்டக் கம்பெனி தரும் தொழிலாளர் வரிசை வீட்டில், வளரும் சிறுவனுக்கு, தாய் தந்தையர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் குடியிருக்கும் வீடும் கம்பெனிக்கே திரும்பிவிடும் என்பது சிறு வயதிலேயே தெரியும். குடும்பத்தின் அடுத்த கூரை தன் மதிப்பெண்ணால் வர வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அவன் உணர்ந்திருக்கிறான். போதாதற்கு, பத்தாம் வகுப்புவரை தமிழில் கற்றவன் பிளஸ் ஒன்னில் ஆங்கிலப் புத்தகங்களை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. இத்தகைய பிள்ளையிடம் ‘பயப்படாதே’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது, என் அபிப்பிராயத்தில், உபதேசமே ஆகாது.

கேரளத்தின் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் விடை எழுதுமுன் வினாத்தாளை வாசிக்கவென்றே 15 நிமிஷம் ‘கூல் ஆஃப் டைம்’ தருகிறார்கள், உத்தமமான ஏற்பாடு. ஆனால் அஞ்சிய பிள்ளை அந்நேரத்தில் மிகக் கடினமான வினாவைத் தேடிப்பிடித்து, அதையே உற்று நோக்கி, அறிந்தவற்றையும் மறந்துவிடுகிறது. ஆகையால் தெரிந்த வினாக்களை முதலில் அடையாளம் காண்பதும், விடை எழுதும் வரிசையை மனத்துள் வகுப்பதும் முன்கூட்டியே பழக்கப்பட்டிருக்க வேண்டும். பழகாதவனுக்கு அப்பதினைந்து நிமிஷமும் அச்சம் வளரும் அவகாசமாகவே முடியும்.

கவலையைத் தணிக்க வேறொரு வழியும் உண்டு. 2011இல் ராமிரெஸ், பைலாக் என்ற ஆராய்ச்சியாளர்கள், பரீட்சைக்குச் சற்று முன்னர் பத்து நிமிஷம் தம் கவலையை எழுதிய அச்சமுள்ள மாணவர்கள் மேலாக விடையளித்ததைக் கண்டனர். அவ்விதம் எழுதுவதற்குக் காகிதமும் பென்சிலும் போதுமாகையால் எந்தத் தோட்டத்துப் பள்ளியும் இதைச் செய்து பார்க்கலாம்.

வினாத்தாளை வாசிக்கும் பழக்கத்துக்குத் திரும்பி, இன்று பிற்பகல் அமர்வில் ஒன்றை ஆலோசிக்க வேண்டுகிறேன்: மதிப்பெண் பதியாத சிறு தேர்வுகளை வாரந்தோறும் நடத்தி, ஒவ்வொன்றிலும் வினாத்தாளை வாசிக்கும் நேரத்தை ஒதுக்கி, மாதிரிப் பரீட்சைக்கு முன்பே அப்பழக்கத்தை வேரூன்றச் செய்ய உங்கள் பள்ளிகளில் எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம்? எட்டாம் வகுப்பிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. மறுப்புள்ளவர்கள் தயங்காமல் எழுந்து சொல்ல வேண்டும்.