எண்ணெய் கூடுகிறது, கூலி கூடுமா?



முள்தேங்காயில் தடித்த ஓட்டு மரத்தையும் ஓடில்லா மரத்தையும் கலந்தால் மெல்லிய ஓட்டு மரம் பிறக்கும். தடித்த ஓட்டு மரத்தைவிட இதில் சுமார் 30 வீதம் அதிக எண்ணெய் கிடைக்கும். ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவை மலேசிய பாம் எண்ணெய்ச் சபையின் ஆய்வுக்குழு 2013இல் அறிவித்தது. இனிக் காய்க்கும்வரை காத்திராமல், நாற்றுமேடையிலேயே இலையைச் சோதித்துக் கன்றைத் தெரிவுசெய்யலாம்.

ஆராய்ச்சியை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இங்கே கூடுவது பழத்துக்குள் இருக்கும் எண்ணெய். குலையின் நிறை அல்ல. நிறை பார்த்துக் கூலி கொடுத்தால் இலாபம் ஆலைக்கு, முள் நமக்கு.

நம் நாட்டில் 2021இல் முள்தேங்காய்ச் செய்கை தடைசெய்யப்பட்டபோதும் வேலை போகும் பயம் நமக்குத்தான் வந்தது. கன்று நட்டாலும் மரம் பிடுங்கினாலும் முதலில் தொழிலாளியோடு பேச வேண்டும். எண்ணெய்க் கணக்கையும் கூலிப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவருவோம்!