கணக்குக் கேட்பதில் வெட்கம் எதற்கு?



நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை வல்ல அல்லாஹ் தன் திருமறையில் ஒரு முழு அத்தியாயமாகவே அருளியுள்ளான். மன்னரின் கனவுக்கு அவர்கள் அளித்த விளக்கம் முழுக்க முழுக்க ஒரு வேளாண் குடும்பத்தின் கணக்காகும். ஏழு ஆண்டுகள் விளைவதில் உண்பதற்குச் சிறிது போக எஞ்சியதைக் கதிரோடு சேமிக்க வேண்டும். அடுத்து வரும் ஏழு பஞ்ச ஆண்டுகளில் அதைச் செலவிட வேண்டும். அப்போதும் சிறிது மீதம் வேண்டும். அது விதைக்கானது என்பர் விரிவுரையாளர்கள். பின்னர் களஞ்சியப் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு அவர்களே கேட்டார்கள். தாம் பாதுகாப்பவர், விவரம் அறிந்தவர் என இரு காரணங்களைச் சொன்னார்கள். சிறையிலிருந்து வந்தவர், அந்நிய நாட்டவர். ஆயினும் கூச்சம் கொள்ளவில்லை.

இது நம் தஞ்சைத் தரணிக்குப் புதிதன்று. சம்பா நெல் வீடு வந்ததும் விதைக்கு இவ்வளவு, உஷ்ருக்கு இவ்வளவு, அடுத்த அறுவடை வரை அடுப்புக்கு இவ்வளவு என நம் பாட்டிமார்கள் பிரித்து வைத்தார்கள். 12 மரக்கால் ஒரு கலம் என்ற கணக்கைப் பள்ளிக்கூடம் காணாதவர்களும் மனத்தாலேயே போட்டார்கள். இன்றோ நேரடிக் கொள்முதல் நிலையத்தில் எடை போட்ட நெல்லுக்கு வங்கிக் கணக்கில் பணம் சேர்கிறது. சபுராளி மகன் அனுப்பும் பணமும் அங்கேதான் வருகிறது. பத்தாயத்தில் நெல் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. கணக்கில் பணம் இறங்குவது தெரிவதில்லை. தெரியவில்லை என்று கேட்பதற்கும் நாவெழுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வட்டியின் தீமை குறித்து மிம்பரில் கடுமையாகப் பேசினேன். அன்று அஸருக்குப் பின் ஒரு பெண்மணி தம் மகன் வழியாக நகைக்கடன் சீட்டுகள் இரண்டைக் கொடுத்தனுப்பினார். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பின் அடகு வைத்த நகைகள் அவை. அசல் குறையவே இல்லை; ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து வந்திருக்கிறார். ஏல அறிவிப்பும் வந்துவிட்டது. “ஹஜ்ரத்தின் பயானைக் கேட்ட பிறகு யாரிடமும் சொல்ல அம்மாவுக்குப் பயம்” என்றான் சிறுவன்.

உண்மையைச் சொல்கிறேன். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று எனச் சொத்தை 24 பங்காக்கிப் பிரிக்க மத்ரஸாவில் கற்றவன் நான். அந்தச் சீட்டில் அசல் எது, அபராதம் எது என்று எனக்குப் புரியவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பணியாற்றும் மஹல்லா இளைஞர் ஒருவரிடம் சென்று, மாணவனைப் போல் அமர்ந்து கற்றுக்கொண்டேன். பைத்துல்மாலின் உதவியால் ஒரு சங்கிலி மீண்டது. மற்றொன்று ஏலத்தில் போயிற்று. வட்டி ஹராம் என்று நான் சொன்னதில் பிழையில்லை. சிக்கியவர் வெளியேறும் வழி பற்றி அன்று ஒரு சொல்லும் சொல்லாததே என் பிழை.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைப்பது பற்றியது. சிறிய தொகையாயினும் எழுதச் சலிக்காதீர்கள் என்பது அதன் கட்டளை. விவரம் குறைந்தவர், சொல்ல இயலாதவர் ஆகியோருக்கும் அதில் இடமுண்டு. அவர் சார்பில் பொறுப்பாளர் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தெரியாமைக்காக எவரும் அங்கே பழிக்கப்படவில்லை. அநாதைகளைச் சோதித்து, பக்குவம் கண்ட பின்னரே சொத்தை ஒப்படைக்குமாறு மற்றொரு வசனம் (4:6) பணிக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அத்தகைய பயிற்சியை எந்த வயதில் கொடுத்தோம்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டுப் பாதுகாவல் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யனாகவும் வாக்களித்தால் அதை மீறுபவனாகவும் ஆகிவிடுவதைச் சுட்டிக்காட்டினார்கள். மறைக்க மறைக்க அந்தப் பொய் பெருகும்.

தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய் என்று பேசி, 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாட்கள் கட்ட வேண்டும். ‘நூற்றுக்குப் பதினைந்துதானே’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 100 சதவீதத்தையும் தாண்டும். தண்டலையும் மீட்டர் வட்டியையும் தமிழக அரசு 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடை செய்துள்ளது. மிரட்டப்படுபவர் காவல் நிலையம் செல்லலாம். அதில் எந்த இழுக்கும் இல்லை.

இதை வாசிக்கும் சகோதரரே! இன்று இஷாவுக்குப் பின் அலமாரியில் உள்ள சீட்டுகளை வெளியே எடுங்கள். துணைவியாரையும் வளர்ந்த பிள்ளைகளையும் அருகில் அமர்த்துங்கள். யாருக்கு எவ்வளவு, எப்போது வாங்கியது, எந்தத் தேதிக்குள் மீட்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘ஏன் வாங்கினாய்?’ என்ற கேள்வியை அன்றிரவு மட்டுமாவது கேட்காதீர்கள். புரியாத வரி இருந்தால் அடிக்கோடிட்டு, மறுநாள் அந்த அலுவலகத்திலேயே விளக்கம் கேளுங்கள். போகும்போது மூக்குக் கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்; அந்த எழுத்துகள் மிகச் சிறியவை.