எஞ்சினுக்கு என்ன நிறம்?

மோட்டார் வண்டியின் வெளிப்புறத்துக்கு என்ன நிறம் பூசலாம் என்று கேட்டால் வீட்டிலுள்ள அனைவரும் அபிப்பிராயம் சொல்வார்கள். அதன் எஞ்சினுக்கு என்ன நிறம் என்று கேட்டாலோ, “மூடிக்கு அடியில் கிடக்கிற இரும்புக்கு எந்த நிறமாக இருந்தால் என்ன?” என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். இந்தச் சிறிய கேள்விதான் இன்றைய பேச்சின் பொருள். பழைய வண்டி ஒன்றைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது இதற்கு நாம் கூறும் விடையில் அவ்வண்டியின் வரலாறு அடங்கியிருக்கிறது. சில சமயங்களில் நம்முடைய நாணயமும் அடங்கியிருக்கிறது.

நான் சிவகாசியை அடுத்த நாரணாபுரத்துக்காரன். நிறத்தை நம்பிப் பிழைக்கும் வட்டாரம் எங்களுடையது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு ஒட்டுவதற்குப் படம் வேண்டியிருந்தது. அதனால் அச்சுத்தொழில் வளர்ந்தது. பட்டாசும் உடன் வளர்ந்தது. ஸ்டிரான்ஷியம் உப்பு சிவப்புச் சுடர் தரும், பேரியம் உப்பு பச்சைச் சுடர் தரும் என்பது, வேதியியல் படிக்காதவர்களுக்கும் இங்கே தெரிந்த செய்தி.

அதே கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி நதிக்கரையில் உள்ள உத்தரபாராவில் பிறந்ததுதான் அம்பாசிடர் கார். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, 1950-களின் பிற்பகுதியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரிக்கத் தொடங்கிற்று. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. எங்கள் தந்தையார் விட்டுச் சென்ற வண்டி 1966-ஆம் ஆண்டின் மார்க் டூ. அதன் எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த அதைப் புதுப்பித்து விற்பது என்று நானும் என் தம்பியும் முடிவு செய்தோம். தம்பியின் மகளுக்குக் கல்லூரிப் படிப்புச் செலவு இருந்தது. ஆகவே, வரப்போகும் விலை எங்களுக்கு அற்பமான விஷயம் அன்று.

எஞ்சினை இறக்கி வைத்ததும் மூன்று கட்சிகள் தோன்றின. மெக்கானிக் அண்ணாச்சிக்கு வெள்ளி வர்ணம் வேண்டும். “மூடியைத் திறந்ததும் பளபளவென்று தெரியும்” என்றார். தம்பிக்குச் சிவப்பு வேண்டும். பந்தயக் கார் போல இருக்குமாம். பார்க்க வந்த உறவினர் ஒருவரோ, கறுப்புதான் சூட்டை வெளியேற்றும் என்று அடித்துச் சொன்னார்.

முதலில் இந்தச் சூட்டு விவகாரத்தைத் தீர்த்துவிடலாம். வெயிலில் கறுப்புத் துணி அதிகம் சுடுவதைக் கண்டு, எஞ்சினுக்கும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் எஞ்சின் பிளாக்கின் மேற்புறம் ஏறத்தாழ கொதிநீரின் சூட்டில் இருப்பது. அந்தச் சூட்டில் அது வெளியிடுவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களையே. அந்தக் கதிர்களைப் பொறுத்தவரை கறுப்பு எனாமல், பச்சை எனாமல், வெள்ளை எனாமல் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஜாதி. அலுமினியப் பொடி கலந்த வெள்ளி வர்ணம் மட்டும் வெப்பத்தைக் குறைவாக வெளிவிடும். அதுவும் பெரிய வித்தியாசம் அன்று. ஏனெனில் எஞ்சினைக் குளிர்விக்கும் பொறுப்பு பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீருடையது. எனவே சூட்டை முன்னிட்டு நிறம் தேட வேண்டியதில்லை. பூச்சு மெல்லியதாக இருந்தால் போதும்.

அப்படியானால் நிறத்துக்கு வேலை என்ன? இரண்டு வேலைகள். ஒன்று, எஞ்சின் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வது. ஆஸ்டினும் மாரிஸும் 1952-இல் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் என்ற ஒரே குடையின்கீழ் வந்தன. அங்கே ‘பி’ வரிசை எஞ்சின் குடும்பக் கார்களில் பச்சை பூசிக்கொண்டு போயிற்று, எம்.ஜி.ஏ. என்ற விளையாட்டுக் காரிலோ அரக்குச் சிவப்புப் பூசிக்கொண்டது. அமெரிக்காவில் 1955-இல் வந்த செவ்ரலே எட்டு சிலிண்டர் எஞ்சின் ஆரஞ்சு நிறத்தால் பெயர் பெற்றது. பான்டியாக் எஞ்சினுக்கு நீலம். பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்கெல்லாம் பொதுவான நீலத்துக்கு மாறிற்று. அந்தச் சமயத்தில்தான், 1977-இல், ஓல்ட்ஸ்மொபைல் கார் வாங்கியவர்கள் பலர் உள்ளே செவ்ரலே எஞ்சின் இருப்பதைக் கண்டு வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. தனி நிறம் இருந்த காலத்தில் மூடியைத் திறந்தவுடனே தெரிந்திருக்கக்கூடிய செய்தி அது.

நிறத்தின் இரண்டாவது வேலை, பழுதைக் காட்டிக் கொடுப்பது. எங்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது இதுவே.

எஞ்சினைக் கழுவிச் சுரண்டியபோது, பிளாக்கின் பக்கவாட்டில், தண்ணீர் ஓடும் அறையின் சுவரில் மயிரிழை போன்ற ஒரு விரிசல் தெரிந்தது. காய்ந்துபோன ரேடியேட்டரில், சூடு தணியுமுன் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இப்படி நேர்வதுண்டு. வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது எளிதன்று; சூடு சமமாகப் பரவாவிட்டால் பக்கத்தில் புதிய விரிசல் ஓடும். ஆகவே மதுரையில் ஒரு பட்டறையில் அதைத் தைத்து வாங்கினோம். விரிசல் நெடுகத் துளையிட்டு, மரையுள்ள ஆணிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு முறுக்கித் தேய்த்துவிடும் வேலை அது. நல்ல வேலைதான். ஆயினும் தையல் தையல்தான். உற்றுப் பார்த்தால் தெரியும்.

“பட்டி பூசி மேலே வெள்ளி அடித்துவிட்டால் பிரம்மாவுக்கும் தெரியாது, தம்பி” என்றார் அண்ணாச்சி. என் தம்பியின் சிவப்பும் அவனை அறியாமலே அதே வேலையைச் செய்யக்கூடியது. நீர் கசிந்து துரு வழிந்தால் சிவப்பின்மேல் அது தெரியாது. கறுப்பின்மேல் எண்ணெய்க் கசிவு தெரியாது. பச்சையின்மேலோ துருவின் செம்பழுப்பு ஒரு கோடு விழுந்தாலும் கண்ணைக் குத்தும். அன்றிரவு நானும் தம்பியும் நெடுநேரம் பேசினோம். கல்லூரிக் கட்டணத்தை அவன் சொன்னான், நான் மறுக்கவில்லை. முடிவில் அவனே, “வாங்குகிறவன் வீட்டிலும் பிள்ளைகள் ஏறுவார்கள், அண்ணா. நடு ரோட்டில் நிற்கக்கூடாது” என்றான். பச்சை என்று தீர்மானம் ஆயிற்று.

எந்தப் பச்சை? அதற்கு விடை வண்டியிலேயே இருந்தது. பிளாக்கைச் சுரண்டிய இடத்தில் மேலே வெள்ளி, அதன் கீழே கறுப்பு, அடியில் பச்சை என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. டைனமோவைத் தாங்கும் பிடியைக் கழற்றினால், அதன் அடியில் வெயிலும் எண்ணெயும் படாத, ஒரு ரூபாய் நாணயம் அளவு பச்சை. ஊரில் அச்சகம் ஒன்றில் மை கலக்கும் பெரியவரை அழைத்து வந்தோம். அவர் குழல் விளக்கின் கீழ் பார்க்க மறுத்துவிட்டார். பகல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாத நிழலில் பிளாக்கை நகர்த்தி வைக்கச் சொன்னார். இரண்டு வர்ணங்கள் விளக்கொளியில் ஒன்றுபோல் தோன்றிப் பகலில் வேறுபடும். அவற்றில் கலந்துள்ள சாயங்கள் வேறு வேறாக இருப்பதே காரணம். நாட்காட்டி அச்சடிப்பவர்களுக்கு இது அன்றாடப் பாடம். வெளியே தெரிந்த பச்சையில் இருந்த மஞ்சள் சாயலை அவர் கணக்கில் கொள்ளவில்லை. “இது வர்ணத்தின் மஞ்சள் அல்ல, சூடும் எண்ணெயும் ஏற்றிய மஞ்சள்” என்றார். கடையில் கலந்த எனாமலைத் தகரத் துண்டுகளில் பூசி, முழுவதும் காய்ந்த பின்பே ஒப்பிட்டார். ஈரத்தில் ஒத்துப்போன துண்டு காய்ந்தபின் ஒத்துப்போகவில்லை. ஐந்தாவது துண்டுக்கே தலையசைத்தார்.

பூசும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்ப் பிசுக்கு அறவே போக வேண்டும். அது இருந்தால் எந்த வர்ணமும் உரியும். இணைப்பு முகங்களையும் துளைகளையும் மூடிவிட வேண்டும். உள்ளே விழும் வர்ணத் துகள் எண்ணெய் வழியை அடைத்துவிடும். பிரைமர் ஒன்று, வர்ணம் இரண்டு, எல்லாம் மெல்லிய பூச்சு. புகைபோக்கும் மேனிபோல்டு பல நூறு டிகிரி சூடேறுவதால் அதற்குச் சாதாரண எனாமல் ஆகாது. சூடு தாங்கும் சிலிகோன் வர்ணம் தனியே உண்டு. எங்கள் ஊர் வெயிலில் பகலில் தெளித்தால் வர்ணம் பரவுமுன் காய்ந்து ஆரஞ்சுத் தோல்போல் ஆகும்; விடியற்காலையே நேரம். தின்னர் ஆவி தீப்பற்றக்கூடியது. பட்டாசு வேலை நடக்கும் இடத்துக்கு அருகே இந்த வேலையை நினைக்கவும் கூடாது.

எஞ்சின் எண் பொறித்த இடத்தில் வர்ணம் படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய, எஞ்சினும் அடிச்சட்டமும் உடலும் பெருமாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். படிக்க முடியாத எண் அங்கே வீண் சந்தேகத்துக்கு இடம் தரும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2013-இல் முடிவாக்கிய டூரின் சாசனமும், செய்யும் வேலை குறைவாக இருக்கட்டும், செய்த வேலை குறிப்பில் இருக்கட்டும் என்ற கருத்தையே வலியுறுத்துகிறது. தையலைப் படமெடுத்து, தேதி எழுதி, வண்டிக் காகிதங்களோடு வைத்தோம்.

வாங்க வந்தவர் மூடியைத் திறந்தார், பச்சையைப் பார்த்து மகிழ்ந்தார், தையலையும் பார்த்தார். தம்பியே விரலால் தொட்டுக் காட்டினான். அவர் விலையைக் குறைத்தார், தம்பி சம்மதித்தான். குறைந்த தொகை எங்கள் குடும்பத்துக்குச் சிறியதன்று. கட்டணத்தின் ஒரு பகுதியைக் கடனாக வாங்கித்தான் கட்டினோம். வண்டி இன்று வேறு ஊரில் ஓடுகிறது.

பழைய வண்டியைப் புதுப்பிக்கும் நேயர்கள், நிறம் தேடிக் கடைக்குப் போகுமுன் ஒரு பிடியைக் கழற்றி அடியில் பாருங்கள். அங்கே இருக்கும் நிறம் எதுவோ அதுவே முதல் யோசனையாக இருக்கட்டும். அது கிடைக்கவில்லையென்றால், கசிவையும் துருவையும் மறைக்காத நிறம் எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள். நமக்குப் பின் அந்த மூடியைத் திறக்கப்போகிறவர் நம்மை நேரில் கேட்க முடியாது. எஞ்சினைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.